இரண்டால் பெருக்கி முப்பது

என் நாட்குறிப்பில் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் கீழ் இப்படி இருக்கிறது: "இரவு முழுக்க மழை. காலையில் வெப்பம் 25. அக்காவின் தறியில் சேலை கறைபட்டிருக்கிறது. அரக்கு நிறம், சந்தன நிறத்தில் இறங்கிவிட்டது. சாயக்காரர் வந்து பார்த்தார். கைச்சூடு என்றார்."

ஆண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அது என் வழக்கமல்ல. கோயில் கல்வெட்டுகளைப் படிக்கப் போனாலும் முதலில் ஆட்சியாண்டைத்தான் தேடுவேன். ஆனால் ஆண்டையும் பெயரையும் போட்டால் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஆளைக் கைகாட்டிவிடுவார்கள். அந்தச் சாயக்காரருடைய பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அவர்மேல் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. படிக்கிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படிக்கட்டும்.

எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடைய சாயப்பட்டறை. இரண்டு செப்புக் கொப்பரைகள், விறகடுப்பு, பின்னால் நூல் உலர்த்தும் மூங்கில்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் அவர் ஒரு வெப்பமானி செருகியிருப்பார். நீளமான எஃகு ஊசி, மேலே எண் காட்டும் சிறு பெட்டி. எதைக் கொடுத்தாலும் அந்த ஊசி இறங்கும். டீக்கடையில் டம்ளரில் இறக்கிப் பார்த்து, "எழுவது கூட இல்ல, இத எவன் குடிப்பான்?" என்று திருப்பி வைப்பார். யார் வீட்டு விசேஷத்திலும் சாம்பார் அண்டாவுக்கு அதே ஊசிதான். துடைக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை. அவரைக் கேட்கிற தெரு அல்ல எங்களுடையது. நூலுக்குச் சாயம் போட அவரிடம்தான் போயாக வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிறத்தைப் பொருத்திப் பார்ப்பதில் அவருக்கு இணையில்லை. பழைய சேலையின் ஓரத்துணுக்கு ஒன்றைக் கொடுத்தால், வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அதே நிறத்தைக் கொண்டுவந்து தருவார். அந்தக் கண் அவருக்கு இருந்ததால்தான் மற்றதையெல்லாம் தெரு பொறுத்துக்கொண்டது.

மற்றதில் முதலாவது அவருடைய கணக்கு. அவருடைய தகப்பனார் காலத்து மீட்டர் பாரன்ஹீட்டில் காட்டுவது. வட்ட முகம், பித்தளைச் சட்டம், தண்ணீர் கொதிக்கும் இடமான இருநூற்றுப் பன்னிரண்டில் சிவப்பு வர்ணத்தில் ஒரு கோடு. அது பழுதாகி ஆணியில் தொங்கியது. புதிதாக வாங்கிய ஊசியோ செல்சியஸில் காட்டியது. ஒன்றை மற்றதாக மாற்ற அவரிடம் ஒரு வழி இருந்தது: இரண்டால் பெருக்கு, முப்பது சேர். ஏதோ பயிற்சி முகாமில் ஒருவர் வெயிலைப் பற்றிப் பேசும்போது சொன்னதாம். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டு சேர்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அவர் சொன்னது அதன் தோராயம். பத்து டிகிரியில் இரண்டு கணக்கும் ஐம்பது என்றே காட்டும். எங்கள் ஊர் பத்து டிகிரியைக் கண்டதில்லை. மார்கழி விடியலில் இருபது என்றால் அவர் எழுபது என்பார், உண்மை அறுபத்தெட்டு. அதோடு போனால் பரவாயில்லை. சித்திரையில் நாற்பது அடித்தால் அவர் தெருவில் நின்று நூற்றுப்பத்து என்று அறிவிப்பார், உண்மை நூற்றுநான்கு. சூடு ஏற ஏறப் பிழையும் ஏறும்.

நான் ஒருமுறை சொன்னேன். என்னைத் தெருவில் கல்வெட்டு என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டவர் அவர்தான். "வாப்பா கல்வெட்டு. கணக்கு தப்பாது. ஆளுதான் தப்புவான்" என்றார். அதுதான் அவருடைய வேதம். நானும் அதை வெயிலைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் வெறும் வாய்வீச்சு என்று விட்டுவிட்டேன். பட்டறைக்குள்ளும் அதே கணக்குதான் ஓடியது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாயம் போட்ட வெந்நீரை அவர் ஆறவிடாமல் தெருச் சாக்கடையில் திறந்துவிடுவார். நீலமும் சிவப்புமாகத் தண்ணீர் ஓட, வீட்டு வாசல்கள் ஆவியில் மூழ்கும். ஒருநாள் பூக்காரம்மா கூடையோடு கடக்கும்போது தண்ணீர் பொங்கி அவர் காலில் ஏறிவிட்டது. புறங்கால் முழுக்கக் கொப்புளம். சத்தம் கேட்டு வந்த சாயக்காரர் அந்த அம்மாளின் காலைப் பார்க்கவில்லை. குனிந்து சாக்கடையில் ஊசியை இறக்கினார். எண் நிற்கும் வரை காத்திருந்தார்.

"நாப்பத்தெட்டு. நாப்பத்தெட்டுல தோலு வேவாதும்மா."

வாசலில் சாய்ந்து உட்கார்ந்தபடி பூக்காரம்மா சொன்னார்: "உன் மீட்டருக்கு காலு இருக்குதாப்பா? இருந்தா அத எறக்கிப் பாரு."

தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் ஓடி ஆறிய பிறகு எடுத்த அளவு அது என்று சொல்ல யாரும் முன்வரவில்லை. அந்த அம்மாள் மறுநாளிலிருந்து அடுத்த தெரு வழியாகப் போனார்.

இனி அக்காவின் விஷயம். அக்கா பதினாறு வயதிலிருந்து தறியில் உட்காருகிறவள். கணவர் இல்லை. எங்கள் வீட்டின் முன்னறையில் குழித்தறி. ஒரு முதலாளியிடம் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், வாங்கி நெய்கிறாள். நூலும் சாயமும் முதலாளி பொறுப்பு, கை அவளுடையது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இரண்டையும் பூட்டி நெய்யும் கோர்வையில் அவள் பெயர் பெற்றவள். அந்த ஐப்பசியில் தறியில் இருந்தது சந்தன உடல், அரக்குக் கரை. தொடர்ந்து மழை, தறிக்குழியில் ஈரம் ஊறியிருந்தது. நெய்து சுற்றிய மடிப்புகளைப் பிரித்தபோது அரக்கு பக்கத்து மடிப்பில் இறங்கிச் சந்தனம் முழுக்கக் கறை.

முதலாளி சாயக்காரரை அழைத்து வந்தார். அவர் சேலையை முகர்ந்தார், விரலால் தேய்த்தார். பிறகு அக்காவின் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். நோயாளியின் நாக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சாயத்துல ஒண்ணுமில்ல முதலாளி. இதுக்குக் கை சூடு. சில பேருக்கு அப்படித்தான். கை வேர்த்துக்கினே இருக்கும், சாயத்த உருக்கிடும். வெளிர் நெறம் இது கையில குடுக்காதீங்க."

அக்கா கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே நீட்டியபடி இருந்தாள். முதலாளி, பார்க்கலாம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த பாவு ஒரே நிறமாக வந்தது. அதற்கடுத்ததும். கோர்வை வரவேயில்லை.

அதைவிட மோசமானது தெருவில் நடந்தது. பாவுக்குக் கஞ்சி போடும் காலைகளில் தெரு நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கைகொடுப்பது எங்கள் வழக்கம். இன்று உன் பாவு, நாளை என் பாவு. அக்கா வழக்கம்போலப் போனாள். "நீ தொடாதக்கா, கயித்த மட்டும் புடிச்சிக்கோ" என்றாள் ஒருத்தி. மென்மையாகத்தான் சொன்னாள். அதனால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கயிறு என்பது பாவின் கோடியில், இழைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது. அன்று முதல் அக்கா கயிற்றுப் பக்கம் நின்றாள்.

வீட்டில் அவள் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு என் கையைத் தன் கையோடு வைத்துப் பார்த்தாள். "சூடாவா இருக்குது?" என்றாள். இல்லை என்றேன். "நீ என் தம்பி. அப்படித்தான் சொல்லுவ" என்றாள்.

பிறகு கொரோனா வந்தது. தெருக்கோடியில் தடுப்புக் கட்டை, அங்கே நின்று நெற்றியில் வெப்பம் பார்க்கும் துப்பாக்கி பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். வேறு யாரை நினைப்பார்கள்? அவருக்கு அது பட்டாபிஷேகம். துப்பாக்கி செல்சியஸில் காட்டியது. சாதாரண மனித நெற்றிக்கு முப்பத்தாறு. இரண்டால் பெருக்கி முப்பது சேர்த்தால் நூற்றிரண்டு.

முதல் நாளே பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், எதிர்வீட்டு மாப்பிள்ளை எல்லோருக்கும் நூற்றிரண்டு. அவர் யாரையும் உள்ளே விடவில்லை. எதிர்வீட்டு மாப்பிள்ளை பக்கத்து ஊரான ஓரிக்கையில் ஓர் உறவினர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். தெருவே நோயில் விழுந்துவிட்டதென்று ஒரு வதந்தி வேகவதி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. நான் அந்த நாட்களில் வெளியே போகவில்லை.

ரேஷன் வாங்கப் போன அக்காவைத் திரும்பி வரும்போது அவர் நிறுத்தினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் பிடித்தார். தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"நூத்தி ரெண்டு. நான் அப்பவே சொன்னேனா இல்லியா? கையி மட்டும் இல்ல, ஒடம்பே கொதிக்குது."

நான் வீட்டு வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது பாரன்ஹீட் காட்டுவது. அக்கா தடுப்புக் கட்டை அருகிலேயே நின்று அதை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டாள். தொண்ணூற்றெட்டுக்குச் சற்றுக் கீழே. அவர் அதைப் பார்க்க மறுத்தார். துப்பாக்கியை வாங்கி அவருடைய நெற்றியிலேயே பிடித்தேன். அவருக்கும் முப்பத்தாறு.

"அண்ணா, உங்களுக்கும் நூத்தி ரெண்டுதான்."

"நான் நாள் பூரா அடுப்பாண்ட நிக்கிற ஆளு. எனக்கு நூத்தி ரெண்டு நார்மல்பா."

கட்டைக்கு அப்பால் நின்ற பால்காரர், "எனக்கும் அடுப்பாண்ட வேலை வாங்கிக் குடுணா, உள்ள வர்றேன்" என்றார். சாயக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில்தான் அந்த வார்த்தையை விட்டார். என்னிடம் விரலை நீட்டி, "இந்தக் கணக்க வச்சிதான்யா எங்கப்பா போட்டு வச்ச சூடு அத்தனையும் புது மீட்டருக்கு மாத்தி வச்சிருக்கறேன். ஒரு பிடி நூலு கெட்டுதா?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவருடைய தகப்பனார் அரக்குக்கு வைத்த சூடு இருநூறு பாரன்ஹீட். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த எண் அது. முறையாக மாற்றினால் தொண்ணூற்று மூன்று செல்சியஸ் வரும். அவர் வழியில் முப்பதைக் கழித்து, பாதியாக்கினால் எண்பத்தைந்து. எட்டு டிகிரி குறைவு. வெளிர் நிறங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். அரக்கு போன்ற அடர் நிறங்களுக்கு அந்த எட்டு டிகிரி வேண்டும். அது இல்லாமல் சாயம் இழையின் மேலேயே நிற்கும். காய்ந்திருக்கும்போது கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஈரம் பட்டால் இறங்கிவிடும்.

ஊர் திறந்து தறிகள் ஓடத் தொடங்கியதும் முதலாளியிடம் போனேன். அவர் அதிகம் பேசாத மனிதர். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தாளு எதையும் சொல்லும். கண்ணால காட்டு" என்றார். முதலாளி சாயப்பட்டறைக்கு நூல் கொண்டுபோகும் நாளில் நானும் போனேன். சாயக்காரரிடம் ஒரு கொப்பரைத் தண்ணீர் மட்டும் கேட்டேன். பெருமைக்காரர், மறுப்பார் என்று நான் பயப்படவில்லை.

"உங்கப்பா மீட்டர்ல செவப்புக் கோடு எங்கணா இருக்குது?"

"இருநூத்திப் பன்னெண்டு. தண்ணி தளதளன்னு கொதிக்கிற எடம். பச்சப் புள்ளைக்கும் தெரியும்."

"இந்த மீட்டர்ல அது எவ்ளோ?"

"தொண்ணூத்தொண்ணு." யோசிக்கவே இல்லை.

அடுப்பு மூட்டப்பட்டது. ஊசி தண்ணீருக்குள். ஐம்பதைத் தாண்டியதும் மேலே மெல்லிய ஆவி. எழுபதில் செம்பின் அடியில் கடுகு போலக் குமிழிகள் ஒட்டிக்கொண்டன. எண்பத்தைந்தில், அதாவது அவர் அரக்கை நனைக்கும் இடத்தில், கொப்பரை முனகத் தொடங்கியது. குமிழிகள் பாதி வழி ஏறி மறைந்தன. பிறகு தொண்ணூற்றொன்று. தண்ணீரின் மேல்தோல் நடுங்கியது. அவ்வளவுதான்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னும் கொதிக்கல."

"வெறகு ஈரம்" என்றார் சாயக்காரர்.

"வெறகு ஈரமா இருந்தா தண்ணி லேட்டாகும். மீட்டருமா லேட்டாகும்?" என்றார் முதலாளி.

சாயக்காரர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். எண் ஒவ்வொன்றாக ஏறியது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. நூறைத் தொட்டபோது கொப்பரை முழுக்கப் புரண்டு தளதளத்தது. அதன்பின் எவ்வளவு விறகு தள்ளியும் எண் மேலே போகவில்லை. கொதிக்கும் தண்ணீரின் குணம் அது. கூடுதல் சூட்டை ஆவியாக்கி அனுப்பிவிடும், தான் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சாயக்காரர் கடைசியாக ஒன்று சொன்னார். அப்பா காலத்தில் கிணற்றுத் தண்ணீர், இது போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம், உப்புத் தண்ணீருக்குக் கொதி ஜாஸ்தி. உப்பு கொதிநிலையை ஏற்றும் என்பது உண்மை. ஆனால் கடல் தண்ணீருக்கே அது ஒரு டிகிரி கூட வராது. இதை நான் சொல்லத் தொடங்கியபோது முதலாளி கையமர்த்தினார். ஆணியில் தொங்கிய பழைய மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாயத்துக்காகக் கொண்டுவந்த நூல் கட்டுகளை மறுபடி வேட்டித் துணியில் சுற்றினார். தன் மொபெட்டில் வைத்துக் கட்டினார். போய்விட்டார்.

நானும் கிளம்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "கல்வெட்டு. தண்ணி கொதிச்சிச்சி, சரி. அதுக்கும் உங்கக்கா கைக்கும் இன்னா? கை சூடுதான்."

அடுத்த பாவு அக்காவுக்குச் சந்தன உடல், அரக்குக் கரையாக வந்தது. வேறு ஊரில் சாயம் போட்ட நூல். அந்தச் சேலை கறையில்லாமல் தறியிலிருந்து இறங்கியது. மன்னிப்பு என்று யாரும் எதையும் சொல்லவில்லை. முதலாளி பாவு அனுப்பியதே அவர் பங்குக்குப் போதும் என்று நினைத்திருப்பார். நான் வீட்டில் கொஞ்சம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டாள்: "தண்ணி கொதிச்சத தெருவுல யாருடா பாத்தாங்க?"

அவள் கேட்டது சரி. பார்த்தவர்கள் மூன்று பேர். கைச்சூடு என்ற சொல்லைக் கேட்டது தெரு முழுக்க. கஞ்சி போடும் காலைகளில் அவள் இன்றும் கயிற்றுப் பக்கம்தான் நிற்கிறாள். இழையின் பக்கம் வா என்று யாரும் கூப்பிடவில்லை. போய்விட்டால் தடுப்பார்களா என்றும் அவள் சோதிக்கவில்லை.

அவர் பட்டறையில் அடுப்புச் சூடு அதன்பின் ஏறியதா என்று எனக்கு நேரடியாகத் தெரியாது. அரக்கு இறங்குகிறது என்ற புகார் மறுபடி வரவில்லை என்பது உண்மை. இரண்டால் பெருக்கி முப்பது சேர்ப்பதைத் தெருவில் நிறுத்தவில்லை. போன மாசியில் இறந்தார். நானும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். சட்டைப் பையில் இருந்த ஊசியை யாரோ எடுத்து ஜன்னலில் வைத்திருந்தார்கள். அது அறையின் வெப்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அக்கா ஒன்று சொன்னாள். அவள் அதை இத்தனை நாளும் உள்ளேயே வைத்திருந்தாள். கறைபட்ட ஐப்பசியை அடுத்து வந்த தை மாதத்தில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அரக்கு முகூர்த்தப் புடவை, வெளிர் மஞ்சள் கரை. தாரை வார்க்கும்போது செம்புத் தண்ணீர் கொட்டி மடி முழுக்க நனைந்துவிட்டது. எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். அக்கா மஞ்சள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளி அரக்கு அதில் இறங்கவில்லை.

"அந்தப் பொடவை அவரு கொப்பரையில நனஞ்சதே இல்லடா" என்றாள்.

விசாரித்தேன். திருப்புட்குழியில் ஒரு சாயக்காரர் இருந்தார், இப்போது இல்லை. அவருடைய மனைவி இருக்கிறார். பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் ஒருவர் ஒருமுறை அரக்குக்காக நூல் கொண்டுவந்ததையும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் அந்த அம்மாள் நினைவில் வைத்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு என்று சொன்னதும் நினைவிருக்கிறது. மாதம் நினைவில்லை. மழைக்காலமா என்று கேட்டேன். "இருக்கலாம்பா. நூலு காயலன்னு அவரு திட்டிக்கினு இருந்தாரு. எங்க வீட்டுக்காரரு எப்பவும்தான் திட்டுவாரு" என்றார்.

நூல் போனது ஐப்பசிக்குப் பின்பு என்றால், அக்காவின் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்த நாளில் அவர் தன் கணக்கை உண்மையாகவே நம்பியிருக்கலாம். கறையைக் கண்ட பிறகே பயந்திருக்கலாம். முன்பு என்றால், தன் கொப்பரையைத் தன் மகளின் புடவைக்கே நம்பாதவர், நீட்டிய அந்தக் கையைப் பார்த்துக் கைச்சூடு என்று சொன்னார். எனக்கு எது வேண்டும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் வேண்டுவதை எழுத முடியாது. இரண்டு முறை திருப்புட்குழி போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் தறியிலிருந்து தலையைத் தூக்காமல் அக்கா கேட்பது ஒன்றுதான்: "மாசம் தெரிஞ்சிச்சா?"

நூல் திருப்புட்குழிக்குப் போனது ஐப்பசிக்கு முன்பா பின்பா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.